நாற்காலிக்குக் கட்டமில்லை

காலை எட்டு மணிக்குத்தான் கை காய்ந்திருக்கும். அதற்கப்புறம் சாயங்காலம் ஆறு வரைக்கும் காயாது. குளிப்பாட்டி, துடைத்து, கழுவி, எண்ணெய் தடவி, கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டி, விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கிப்போகும். அந்தக் கையால் பேனாவைப் பிடித்தால் மை கலையும், தாள் கிழியும். அதனால் அந்த முதியோர் இல்லத்தின் கீழ்த்தளத்தில் வேலை பார்த்தவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். கை காய்ந்திருக்கும்போதே, அன்றைக்குப் போடவேண்டிய டிக் அத்தனையையும் எட்டு மணிக்கே போட்டு முடித்துவிடுவார்கள்.

படுக்கையில் கிடப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்ட வேண்டும். இடது பக்கம், மல்லாக்க, வலது பக்கம். ஒரே பக்கமாகக் கிடந்தால் சதை செத்துப் புண்ணாகும். புரட்டியதற்குச் சாட்சியாகக் கட்டிலின் தலைமாட்டில் ஓர் அட்டை தொங்கும். எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு, ஆறு என்று ஆறு கட்டம். சார்ட் என்பார்கள். எப்படியும் புரட்டத்தானே போகிறோம், முன்னால் போட்டால் என்ன, பின்னால் போட்டால் என்ன என்பது அங்கே நடந்துவந்த நியாயம்.

உடும்புக்கும் அதுதான் நியாயம். உடும்பு என்பது அவளுக்கு நாலாம் கட்டில் லாரிக்காரர் வைத்த பெயர். முப்பத்தைந்து வருஷம் லாரி ஓட்டிய மனுஷன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வாதம் அடித்து இடது கையும் காலும் போய், பேச்சும் பாதியாய் வந்து சேர்ந்திருந்தார். முதல் நாள் அவள் அவருடைய அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கியபோது, "என்னா... பிடி... உடும்பு!" என்றார். அவர் அங்கே வந்து பேசிய முதல் பேச்சு அது. கூட வேலை பார்க்கும் நெட்டை அதைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வாரத்தில் மேனேஜர்கூட உடும்பு என்றுதான் கூப்பிட்டார். அவளுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. தூக்கிய ஆளை ஒருநாளும் நழுவவிட்டதில்லை.

அந்த மழை வாரத்தில் விரிப்பு எதுவும் காயவில்லை. நடைவழியில் கயிறு கட்டிக் காயப்போட்டிருந்த விரிப்புகளை விலக்கிக்கொண்டு அவள் மேனேஜர் அறைக்குப் போனாள். அவர் மேசையில் இரண்டு படங்களை எடுத்து வைத்தார்.

"பாரு. நல்லாப் பாரு."

ஒன்றில் லாரிக்காரர் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய மகள் லீவு நாளில் வந்து ஆசையாய் எடுத்த படம். தலைக்கு மேலே சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு அடித்து ஐந்து நிமிஷம். இன்னொன்று அதே நாளின் சார்ட். நாலு மணிக் கட்டத்தில் 'வலது பக்கம்' என்று எழுதி டிக். பக்கத்தில் உடும்பின் கையெழுத்து.

"ஒரே நேரத்துல ஒரு மனுஷன் நாற்காலியில உக்காந்து சிரிச்சுகிட்டும் இருக்கான், கட்டில்ல வலது பக்கம் படுத்துகிட்டும் இருக்கான். லாரிக்காரர் என்ன சாமியா, ரெண்டு எடத்துல காட்சி தர்றதுக்கு?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கட்டத்திலிருந்த தன் கையெழுத்தைப் பார்த்ததும் நின்றது.

"அவரு உடம்புல வந்திருக்கற புண்ணுப் படத்தையும் சேர்த்து மகள் மேலிடத்துக்குப் புகார் அனுப்பியிருக்கா. புரட்டவே இல்ல, பொய்யா டிக் போடறாங்கன்னு. உன் பேரு போட்டு. நாளைக்குப் பத்து மணிக்கு விசாரிக்க ஒரு அம்மா வர்றாங்க."

"சார், புரட்டாம ஒரு நாளும் விட்டதில்ல."

"எனக்குத் தெரியும்மா. எல்லாரும் இப்படித்தான் டிக் போடறீங்கன்னும் தெரியும். ஆனா படத்துல மாட்டினது நீ."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனுஷன் இல்லை. இல்லத்தின் உரிமம் போய்விடுமோ என்ற பயம்தான். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு புது அட்டையை எடுத்தார். அந்த மாதம் முழுவதற்குமான சார்ட். புதிதாய் எழுதியிருந்தது. படத்திலிருந்த நாளைத் தவிர ஒவ்வொரு நாளும் இரண்டு மணி, நாலு மணிக் கட்டங்களில் 'படுக்க மறுத்துவிட்டார்' என்றிருந்தது.

"அந்த ஒரு நாளு தவறுன்னு சொல்லிக்கலாம். மத்த நாளுக்கு இது. கீழ கையெழுத்துப் போட்டுக் காலையில கொண்டா. இல்லன்னா உன் பேரு பட்டியல்ல ஏறிடும். அதுல ஏறினா எந்த இல்லத்துலயும் வாசல்கூட மிதிக்க முடியாது."

அவள் அட்டையை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வீட்டில் ஒரு ஆள் படுத்திருக்கும்போது அந்த வாய் அவ்வளவு சுலபமாக வராது.

வீட்டில் படுத்திருந்தது அவள் புருஷன், கொத்தனார். ஏழு மாதத்துக்கு முன்னால் மூன்றாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடி. எலும்பு கூடிவிட்டது, கொஞ்சம் கொஞ்சமாய் நடந்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இப்போது காலையில் ஒரு மணி நேரம் மட்டும் நாற்காலி. பக்கத்து வீட்டுக்காரி நடுவில் வந்து புரட்டிவிட்டுப் போவாள். நனைந்த செருப்பைக்கூடக் கழற்றாமல் அவரைப் புரட்டி, முதுகுக்குத் தலையணையைச் செருகிவிட்டுத்தான் உடும்பு அடுப்புப் பக்கம் போனாள். சோறு வைத்தாள். இரண்டு முட்டை அவித்தாள்.

"என்ன, மூஞ்சி பூசாத சுவரு மாதிரி இருக்கு?" என்றார் கொத்தனார்.

"ஒன்னுமில்ல."

"ஒன்னுமில்லன்னா முட்டைய ஏன் அந்த அடி அடிக்கற? அது என்ன பண்ணுச்சு?"

முட்டையை உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில், "புண்ணு எங்க?" என்றார்.

"கீழ."

"கீழன்னா? பூமிக்குக் கீழயா? எடத்தச் சொல்லுடி."

"உக்கார்ற எலும்பு இருக்குல்ல. வலது பக்கம். அதுக்கு நேர்."

கொத்தனார் முட்டையை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார்.

"அது படுத்து வந்த புண்ணு இல்லடி."

"நீங்க என்ன டாக்டரா?"

"ஏழு மாசமா படுத்துக் கெடக்கறேன். டாக்டர் ஒரு நாளாவது கெடந்திருப்பானா? மல்லாக்கப் படுத்தா முதுகெலும்பு முடியற எடத்துல அழுத்தும். இல்லன்னா குதிகால்ல. ஒருக்களிச்சா இடுப்பு எலும்புல. நீ சொல்ற எடம் மெத்தையில படவே படாது. உக்காந்தாத்தான் மொத்த பாரமும் அங்க எறங்கும். கட்டடத்துக்கு அஸ்திவாரம் மாதிரி." சாப்பிடுவதை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். "அந்த ஆள எவ்வளவு நேரம் உக்கார வெப்பீங்க?"

அவள் முட்டை ஓட்டைத் தட்டோரம் ஒதுக்கினாள். மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். பன்னிரண்டு மணிக்கு அவளும் நெட்டையும் சேர்ந்து அவரைத் தூக்கி ஜன்னலோரம் வைப்பார்கள். உடனே நெட்டையை மேல்தளத்துக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். ஒற்றை ஆளாக அவரைத் திரும்பக் கட்டிலில் போட முடியாது. நெட்டை கீழே வர ஐந்தரை ஆகும். அதே நேரத்துக்குத்தான் மகளும் தையல் வேலை முடிந்து வருவாள். அப்பா நாற்காலியில் கம்பீரமாய் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவள் முகம் மலரும். நான் வர்ற வரைக்கும் உக்கார வெச்சிருங்கக்கா, படுத்தே பாத்தா மனசு விட்டுப்போகுது என்று கேட்டுக்கொண்டதும் அவள்தான்.

"அஞ்சரை மணி நேரம்" என்றாள் உடும்பு.

"அம்மாடி. எனக்கு ஒரு மணி நேரத்துலயே எரிஞ்சு போகுது."

"நீங்கதான் தெருவே கூடற மாதிரி கத்துவீங்களே."

"கத்தாம? அந்த ஆளு கத்தலயா?"

"ஒரு நாளும் கத்தல. சிரிச்சுகிட்டே இருப்பாரு."

"ஏன் கத்தல?"

அவளுக்குத் தெரியவில்லை. கேட்டதே இல்லை. பதினான்கு பேருக்கு ஒரு கை என்று ஓடும்போது, சிரிக்கிற ஆளிடம் போய் வலிக்கிறதா என்று யார் கேட்பார்கள்? கத்துகிறவர்களைக் கவனிக்கத்தான் நேரம் இருந்தது. அந்த இரண்டு மணிக் கட்டத்தையும் நாலு மணிக் கட்டத்தையும் நினைத்தாள். மற்ற பதின்மூன்று பேருக்கும் அது முன்கூட்டிப் போட்ட டிக். அவர்களை அவள் புரட்டினாள். லாரிக்காரருக்கு மட்டும் அது சுத்தப் பொய். தினமும் போட்ட பொய். பழக்கத்தில் கை ஓடியதில் கண்ணுக்கே தெரியாமல் போன பொய்.

பையிலிருந்து புது அட்டையை எடுத்துக் காட்டினாள். கொத்தனார் படித்தார்.

"படுக்க மறுத்துவிட்டார்னா? தப்பத் தூக்கி அந்த ஆளு தலையில வெக்கறாங்களா?"

"கையெழுத்துப் போட்டா வேலை நிக்கும்."

"எனக்காகப் போடறேன்னு மட்டும் சொல்லாத. அப்புறம் நான் எந்திரிச்சு நடந்தாலும் அந்த நடை எனக்கு ஒட்டாது."

"வசனம் நல்லா வருது. அரிசி டப்பாவ எட்டிப் பாத்துட்டு அப்புறம் பேசுங்க."

"எட்டிப் பாக்க முடியாதுன்னுதானே இவ்வளவு தைரியமா பேசறேன்."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அட்டையை மறுபடி பைக்குள் வைத்தாள். கையெழுத்துப் போடவும் இல்லை, கிழிக்கவும் இல்லை.

விசாரிக்க வந்த அம்மா சொட்டச் சொட்ட நனைந்த குடையோடு வந்தார். ஐம்பது தாண்டியவர், முன்னாள் நர்ஸ், ஒரு முழங்காலில் வலி. மேனேஜர் தன் அறையில் டீ வைத்திருந்தார். அந்த அம்மா அறைப் பக்கமே திரும்பவில்லை. "காகிதம் ஓடிப்போகாது. உடம்ப முதல்ல பாக்கறேன்" என்று கை கழுவி, உறை மாட்டி, நேராய் நாலாம் கட்டிலுக்குப் போனார்.

மகள் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தாள். அரை நாள் லீவு போட்டுவிட்டுத் தையல் மேசையிலிருந்து அப்படியே வந்திருந்தாள். தோளில் நூல் பிசிறு ஒட்டியிருந்தது. உடும்பை அவள் பார்த்த பார்வையில் நெருப்பு இருந்தது. நேற்றுவரை அக்கா என்று கூப்பிட்டவள்.

அந்த அம்மா குதிகால்களை ஒவ்வொன்றாய் உள்ளங்கையில் ஏந்தி விரலால் அழுத்திப் பார்த்தார். கணுக்கால், இடுப்பு, தோள், காதுமடலின் பின்பக்கம்கூட. பிறகு புண். அதைப் பார்த்துவிட்டு மறுபடி முதுகுக்குப் போனார்.

"இந்த முதுகைப் புரட்டறது யாரு?"

"நான்தான் மேடம்" என்றாள் உடும்பு.

"நல்லாத்தான் புரட்டியிருக்கீங்க. புரட்டாம விட்டா, ரெண்டு வருஷம் படுத்த உடம்புல இப்படித் தோல் இருக்காது." அவர் நிமிர்ந்து மகளைப் பார்த்தார். "புரட்டவே இல்லைங்கற புகார் நிக்காதும்மா." பிறகு மறுபடி உடும்பைப் பார்த்தார். "ஆனா உங்க சார்ட் பொய். ஏன்?"

மேனேஜர் ஓரடி முன்னால் வந்தார். "மேடம், சரியான சார்ட் ஒன்னு இவங்ககிட்ட..."

"அது வேணாம் சார்."

சொன்ன பிறகுதான் சொன்னது தன் வாய் என்று உடும்புக்கே உறைத்தது. பையிலிருந்து அட்டையை எடுத்து, கையெழுத்தில்லாமலேயே மேனேஜரிடம் திருப்பிக் கொடுத்தாள். அந்த அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"மேடம், காலையில எட்டு மணிக்கே எல்லா டிக்கும் போட்டுடுவேன். அப்புறம் கை ஈரமா இருக்கும். மத்தவங்களப் புரட்டினது நிஜம். ஆனா இவரு ரெண்டு மணிக்கும் நாலு மணிக்கும் கட்டில்லயே கெடையாது. பன்னெண்டுல இருந்து அஞ்சரை வரைக்கும் நாற்காலியில. தூக்கி வெச்சது நான். எறக்கி விட ஆளு இல்ல, அதனால எறக்கல. இந்தப் புண்ணு நாற்காலிப் புண்ணு. எனக்கு நேத்துதான் தெரிஞ்சுது. முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்."

நடைவழியில் ஈர விரிப்பு சொட்டுகிற சத்தம் கேட்டது. மேனேஜர் கையிலிருந்த அட்டையைப் பார்த்தபடியே நின்றார். அந்த அம்மா அதையும் கவனித்தார், கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

"மேடம்" என்றாள் மகள். குரலில் நெருப்பு இல்லை. "நாற்காலியில வைக்கச் சொன்னது நான்தான். நான் வர்ற வரைக்கும் வெச்சிருங்கன்னு."

"நீங்க ரெண்டு பேரும் அப்புறம் தப்பப் பங்கு போட்டுக்கங்க. இவர யாராவது கேட்டீங்களா?" என்றார் அந்த அம்மா. வலிக்கும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு லாரிக்காரரின் முகத்துக்கு நேராய்க் குனிந்தார். "ஐயா, நாற்காலியில உக்காந்திருந்தப்ப வலிச்சுதா?"

லாரிக்காரர் மகளைப் பார்த்தார். உடும்பைப் பார்த்தார்.

"வலிச்...சுது."

"ஏன் சொல்லல?"

வார்த்தை வர நேரம் பிடித்தது.

"சொன்னா... படுக்கப் போடுவாங்க. படுத்தா... கூரைதான் தெரியும். உக்காந்தா... ரோடு." மூச்சு வாங்கினார். "அப்புறம்... இவ வர்றது... தெரியும். தூரத்துல... இருந்தே."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். உடும்பு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கம்பீரமாய் உட்கார்ந்திருக்கிறார் என்று இரண்டு பேரும் நினைத்த அத்தனை சாயங்காலமும் அவர் எரிச்சலைப் பல்லுக்குள் கடித்துக்கொண்டு, ஜன்னல் பக்கமாய், அந்த வலது பக்கமாகவே சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்.

அந்த அம்மா ஜன்னலைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். "சரி, இந்தக் கட்டில ஏன் ஜன்னலோரம் போடல?"

இரண்டு வருஷமாய் அந்தக் கேள்வி அங்கே இருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை. கடைசியில் நெட்டை குனிந்து கட்டில் காலைப் பார்த்துவிட்டு, "சக்கரம் துருப்பிடிச்சு நிக்குது மேடம்" என்றாள்.

"துருவுக்கு எண்ணெய்னு ஒன்னு கண்டுபிடிச்சு ரொம்ப நாளாச்சு."

நெட்டை ஓடிப்போய் எண்ணெய் கொண்டுவந்தாள். உடும்பு ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம், நெட்டை பின்னால். கட்டில் முனகிக்கொண்டு நகர்ந்தது. அதன் மேலே ஒருக்களித்துக் கிடந்த லாரிக்காரருக்குத் திடீரென்று பேச்சு வந்தது. நல்ல கையைத் தூக்கி, லாரியைத் திருப்ப வழி சொல்லும் கிளீனர் மாதிரி காற்றில் ஆட்டினார்.

"வரலாம்... வரலாம்... ரைட்ல ஒடி! ஒடி! ஒடிங்கறேன்... நேர்... நேர்... போதும்! போதும்! சுவத்துல ஏத்திடாத!"

மேனேஜர்கூடச் சிரித்துவிட்டார். கட்டில் ஜன்னலோரம் நின்றது. மழை விட்டிருந்தது. அவர் வலது பக்கம் ஒருக்களித்தால் ரோடு முழுசாய்த் தெரிந்தது. மகள் இறங்கி வரும் பேருந்து நிறுத்தமும் தெரிந்தது.

"இதோட முடிஞ்சுதுன்னு நினைச்சுக்காதீங்க" என்றார் அந்த அம்மா. உடும்பைத்தான் சொன்னார். "ரெண்டு மணிக் கட்டத்தையும் நாலு மணிக் கட்டத்தையும் நீங்க காலியா விட்டிருந்தா, ஏன் காலின்னு யாராவது ஒருத்தர் கேட்டிருப்பாங்க. அந்தக் கேள்விய அடைச்சது உங்க டிக்குதான். அதை எழுதுவேன். மத்தியானம் பதினாலு பேருக்கு ஒரே ஆளு விட்டிருக்காங்கன்னும் எழுதுவேன். இந்தக் கையெழுத்தில்லாத அட்டையைப் பத்தியும் எழுதுவேன். முடிவு மூணு வாரத்துல வரும்."

அவர் போன பிறகு குழாயடியில் உடும்பு கை கழுவிக்கொண்டிருந்தாள். மகள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"புகார்ல உங்க பேரத்தான் எழுதினேன்க்கா."

"எழுதத்தான் வேணும். பெத்தவர் உடம்புல புண்ணப் பாத்துட்டு சும்மா இருந்தாத்தான் தப்பு."

"உங்க வேலை போயிட்டா?"

உடும்பு கையை உதறினாள். "போனா உன் கம்பெனியில பட்டன் தைக்கச் சேத்துவிடு. எனக்கு ஊசியில நூல் கோக்க வராது, அத நீ பாத்துக்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அந்த மூன்று வாரமும் வாசலில் தபால்காரன் மணி அடிக்கும்போதெல்லாம் கை வேலையைப் போட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள். வீட்டில் கொத்தனார் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழகினார். பத்து எண்ணும் வரை நின்றார், பிறகு இருபது. வேறு வேலை எங்கே தேடலாம் என்று இரண்டு பேரும் பேசாமல் பேசிக்கொண்டார்கள்.

இல்லத்தில் சில காரியங்கள் மாறின. சார்ட்டோடு ஒரு பேனாவும் துண்டும் சேர்ந்து தொங்கின. துடைத்துவிட்டு அந்தந்த நேரத்தில் எழுத வேண்டும். நாற்காலிக்கும் தனிச் சார்ட் வந்தது. லாரிக்காரருக்குத் தடித்த மெத்தைத் திண்டு வைத்து, ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரம் மட்டும். மத்தியானத்துக்கு மேல்தளத்திலிருந்து இன்னொரு ஆளை இறக்கினார்கள். மகள் வாரத்தில் இரண்டு நாள், கட்டு மாற்றும்போது, புண்ணைப் பார்ப்பாள். "கோட்டுப் பட்டன் அளவு இருந்துச்சு, இப்ப சட்டைப் பட்டன்" என்று தன் தொழில் கணக்கில் சொல்வாள்.

உடும்பு அவரிடம் ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். "எரிஞ்சா கத்தணும். சிரிச்சீங்கன்னா நானே உங்க மேல புகார் எழுதுவேன்." அவர் தலையாட்டுவார். ஆனால் ஒரு தடவையும் கத்தவில்லை. நேரம் பார்த்து அவர்கள்தான் இறக்கினார்கள். முப்பத்தைந்து வருஷம் வலியை ஸ்டியரிங்கின் மேல் வைத்து அழுத்திப் பழகிய மனுஷன்.

கடிதம் ஒரு மத்தியானம் வந்தது. மேனேஜர் அறையிலேயே கூப்பிட்டுக் கொடுத்தார். அவருக்கும் தனியாய் ஒன்று வந்திருந்தது. அதைப் படித்து முடித்த முகம் தொங்கிப்போயிருந்தது. "உன்னது நல்லாத்தான் இருக்கு, படி" என்றார்.

அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பிரித்தாள். பதிவேட்டில் முன்கூட்டி எழுதியது குற்றம் என்று முதல் பத்தி. எழுத்துமூலமான எச்சரிக்கை என்று இரண்டாவது. மூன்றாவது பத்தியில் அவளுடைய கண் நின்றது. உண்மையைத் தானாகவே சொன்னதாலும், உடலைப் பரிசோதித்ததில் பராமரிப்பு சரியாக இருந்ததாலும், பட்டியலில் பெயர் சேர்க்கப்படமாட்டாது, பணியில் தொடரலாம். மறுபடி முதல் வார்த்தையிலிருந்து படித்தாள். எழுத்துகள் கலங்கின. கீழே இன்னும் ஒரு பத்தி இருந்தது.

அப்போதுதான் நடைவழியின் கோடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மேட்டில் ஏற முடியாமல் நின்ற லாரி மாதிரி முதலில் உறுமி, பிறகு பிய்த்துக்கொண்டு வந்தது.

"எரி...யுது! ஏய் உடும்பு! எரியுது! எல்லாம்... செத்துட்டீங்களா? எரியுதுடி!"

மேல்தளத்திலிருந்து ஒருத்தி எட்டிப் பார்த்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த கிழவர் ஒருவர் கரண்டியைக் கீழே போட்டார்.

"கத்திட்டாரு!" என்று நடைவழியில் நெட்டை குதித்தாள். "சார், லாரிக்காரர் கத்திட்டாரு!"

"இன்னும் ஒரு பத்தி இருக்கேம்மா" என்றார் மேனேஜர்.

"நீங்க படிச்சு வையுங்க சார்" என்று கடிதத்தை அவர் கையில் திணித்துவிட்டு, உடும்பு ஓடினாள்.